மச்சான் அனுப்பிய கத்தியின் வாய் பெயர்ந்த விபரம்

சிவமயம்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
ஆடி மாதக் கடைசி வெள்ளி, காலை 8.40

அன்புள்ள மச்சான் நிரஞ்சன் அறிவது,

உம்முடைய அக்கா இரஞ்சிதமும், உம்முடைய மருமகள் யதுர்ஷிகாவும், நானும் இவ்விடம் சுகம். நீரும் மனைவி மக்களும் ஜேர்மனியில் குளிர், தடிமன் ஒன்றுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். பதினொரு வருடமாக உம்முடைய சுகத்தை நான் விசாரிக்கவில்லை. அவ்வளவையும் சேர்த்து இப்போதே விசாரித்துக்கொள்கிறேன்.

பஸ் டிப்போவில் இருபத்தேழு வருடம் ரைம்கீப்பராக இருந்தவன் நான். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவதுதான் என்னுடைய வழக்கம். ஆகையால் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லுகிறேன். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் பரவாயில்லை. சிறுபோகம் கதிர் முற்றி நிற்கிறது, அரிவி வெட்டு இன்னும் இரண்டு கிழமையில். மாடுகள் சுகம். வேறு எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாதபடியால், கத்தியைப் பற்றி எழுத வேண்டியதாயிருக்கிறது.

மகள் யதுவின் கலியாணம் வருகிற ஆவணி இருபதில். பேசி முடித்த செய்தி உமக்கு எட்டியதும், சித்திரையில் அங்கிருந்து லீவுக்கு வந்த எங்கள் ஊர்ப் பொடியன் லக்ஷனிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டீர். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. 'அத்தானுக்கு' என்று ஒரு துண்டு. அவ்வளவுதான். நீர் கலியாணத்துக்கு வருவதாகவும் எழுதவில்லை, வராததாகவும் எழுதவில்லை. அக்கா அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு அரை மணித்தியாலம் அழுதா. நான் அன்றைக்கே ஒரு நன்றி எழுதியிருக்க வேண்டும். ஆனால் முதலில் யார் எழுதுவது என்று ஒரு பிரச்சினை இருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தி யது பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் நடந்தது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு நேரத்தோடு தெரியும். சுபநேரம் 9.12 முதல் 10.02 வரை. தாய்மாமன் தேங்காய் உடைத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். தாய்மாமனுடைய வான் வவுனியாவில் பழுதாகி நின்றது. 10.02க்கு நான் என்னுடைய ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்து உடைப்பித்தேன். 10.17க்கு நீர் வந்து இறங்கினீர். "இது என்ன பஸ்ஸோ அத்தான், நேரத்துக்கு எடுத்துவிட?" என்று கேட்டீர். "பதினைஞ்சு நிமிசம் எண்டால் பதினைஞ்சு நிமிசம்தான்" எண்டு நானும் சொன்னனான். நீர் ஒரு வாய் சோறும் தின்னாமல் அதே வானில் திரும்பிப் போனீர். அந்த வசனம் அன்றைக்கு எனக்கு நல்ல வசனமாகத்தான் பட்டது. இப்போது யோசித்துப் பார்க்க அப்படித் தெரியவில்லை.

போன கிழமை அக்கா சொல்லிப்போட்டா: "நீங்கள் ரெண்டு வரி எழுதாமல் அவன் வரமாட்டான். தாய்மாமன் இல்லாமல் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நடுறதெண்டால் தாராளமா நடுங்கோ. நான் குசினியை விட்டு வெளிய வரமாட்டன்." அவா சும்மா சொல்லுகிற ஆளில்லை என்று உமக்குத் தெரியும். எழுதுவதென்றால் கத்தியைப் பற்றி எழுதாமல் விட ஏலாது. 'கத்தி நல்லாயிருக்கிறது' என்று நாலு தரம் எழுதி நாலு தரம் கிழித்தேன். கத்தி நல்லாயில்லை, மச்சான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன். பெட்டியைத் தரும்போது லக்ஷன் விளக்கம் சொன்னான். "மாமா, இது சும்மா உருக்கில்லை, தூளாக்கி அமத்திச் செய்யிறது. கடினம் அறுபத்தஞ்சு. ஒரு வருசத்துக்குத் தீட்டவே தேவையில்லை." எனக்கும் வயது அறுபத்தைந்து என்பதால் கத்தியில் உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது. அவன் பிறகும் "ஆனா மாமா..." எண்டு எதையோ இழுத்தவன். நான் அதுக்குள்ளை இடக்கை மயிரை வழிக்கத் தொடங்கியிட்டன். என்ன கூர், மச்சான்! சோப்பில்லை, தண்ணியில்லை, தொட்டால் போதும். ஒரு கிழமையில் இடக்கை முடிந்தது. அடுத்த கிழமை வலக்கை. அதற்குப்பிறகு வீட்டுக்கு வருகிறவர்களின் கையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கலியாண நாள் பார்க்க வந்த சம்பந்தியின் கையிலும் ஒரு துண்டுக் காணி துப்புரவாக்கி விட்டேன். மனிசன் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

இனி முதலாவது விபத்து. உம்முடைய அக்காவின் சட்டம் உமக்குத் தெரியும். கத்தி, உப்பு, மிளகாய் மூன்றையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும். நிலத்தில் வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு சண்டை நடந்த சாமான் என்றபடியால் நானும் அந்தச் சட்டத்தை மீறவில்லை. ஆனால் என்னுடைய வலது முழங்கால் முன்னையைப்போல மடங்குதில்லை. குனிந்து வைக்கிறது என்று தொடங்குவேன்; அரைவாசித் தூரத்தில் முழங்கால் நின்றுவிடும்; மிச்சத் தூரத்துக்குக் கத்தி தன்பாட்டில் போகும். நிலம் சீமெந்து. கத்தி பார்க்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர். போக நான் விட்டது ஒன்று, என்னைப் பார்த்து வரும்போது அவர்கள் விட்டது ஒன்று என்று அறுபத்திரண்டு விழுகை. மடக்கிப்போட்டு வைத்திருக்கலாமே என்று நீர் கேட்பீர். மடக்கி வைத்தால் வந்தவன் எதைப் பார்ப்பது? நுனியில் அரிசிமணியளவு காணாமல் போனதை முதலில் கண்டது யது. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாய் முழுக்க எலி கொறித்தமாதிரிப் பல்லுப்பல்லாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஜேர்மனியில் இருந்து புழுக்கொடியலை மறந்திருப்பீர்: பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் கல்லாகிவிடுமே, அதுதான். ஒரு பின்னேரம் ஒன்றை எடுத்து உம்முடைய கத்தியால் வெட்டினேன். பாதியில் இறுகி நின்றது. வீட்டுப் பழைய கத்தி என்றால் அந்த இடத்தில் ஒரு திருகுத் திருகினால் ஒடியல் பிளந்துவிடும். நாற்பது வருடப் பழக்கம், கை தானாகத் திருகியது. 'கிளிங்' எண்டு ஒரு சத்தம். ஒடியல் அப்படியே கிடக்குது. கத்தியின்ரை நடு வாயிலை பிறைமாதிரி ஒரு துண்டைக் காணேல்லை. எங்கே பறந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் எல்லாரும் செருப்போடுதான் சீவியம்.

சரி, பெயர்ந்ததைத் தீட்டி எடுப்போம் என்று அம்மியில் பிடித்தேன். மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். சம்பல் அரைக்கப் போன அக்கா, "இதென்னப்பா அம்மியிலை வாய்க்கால் வெட்டியிருக்கிறியள்?" எண்டு கத்தினா. பார்த்தால் உண்மைதான். அம்மி தேய்ந்திருந்தது, கத்தி தேயவில்லை. அப்போதுகூட, மச்சான், எனக்குக் கத்தியில் ஒரு பெருமை இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

கடைசியாக விசுவமடுவில் இரும்புக் கடை வைத்திருக்கும் மீராசாகிபு நானாவிடம் கொண்டு போனேன். தீட்டுகிற மிசின் அவரிடம் இருக்கிறது. அக்காவும் கூட வந்தா, வந்திருக்கத் தேவையில்லை. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயைப் பார்த்தார், நகத்தால் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை எங்க கொண்டுபோய்க் குத்தினீங்க ஐயா?"

"ஒண்டிலையும் குத்தேல்லை. ஒடியல் வெட்டினனான்."

"ஒடியலோ! இது கீறுப்படாத சாமான் ஐயா, ஆனா அடி தாங்காது. கடினம் வேற, உரம் வேற. கூர் கன நாளைக்கு நிக்கும், உண்மைதான். ஆனா வளைய வேண்டிய இடத்தில இதுக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். இந்தா பாருங்க, இது லொறி வில்லுத் தகட்டில அடிச்ச கத்தி. ஒடியலில பட்டா வாய் மடியும், கல்லில நாலு இழுப்பு இழுத்தா நிமிரும். கெதியா மழுங்கும்தான். ஆனா துண்டு விடாது."

"நானா, பெட்டியிலை அறுபத்தஞ்சு எண்டு போட்டிருக்கு!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். அறுபத்தஞ்சில வளையிறது கஷ்டம் ஐயா."

இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அக்கா கடையில் சிரிக்கத் தொடங்கி, பஸ்ஸுக்குள் சிரித்து, தர்மபுரம் தாண்டியும் சிரித்து, கொண்டக்டர் மிச்சக்காசு தர மறந்துபோய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நானா மிசினில் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார். சூடேறினால் உருக்கின் குணம் போய்விடுமாம். வைரத்தூள் பூசின கல்லில், தண்ணீர் விட்டு, பொறுமையாய், வாயைக் கொஞ்சம் தடிப்பாய்த் தீட்டினால் இனிப் பெயராதாம். அப்படிக் கல் என்னிடமில்லை. பொறுமையும் அவ்வளவாக இல்லை.

கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்று இங்கே சனம் கதைக்கும். அந்தக் கத்தியே உடைந்தால் என்ன வரும் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. அதை யோசித்து யோசித்தே ஒரு கிழமை போய்விட்டது. அதனாலை இப்ப உள்ளதைச் சொல்லுறன், கேளும். சாமத்தியவீட்டு அண்டைக்கு ஐயரே "கொஞ்சம் பாப்பம், தாய்மாமன் வரட்டும்" எண்டவர். அக்காவும் கையைப் பிடிச்சவா. யது தலையிலை ஈரத் துவாயோட வாசல் படலையைப் பாத்துக்கொண்டு நிண்டவள். நான்தான் மணிக்கூட்டைப் பாத்தனான். பதினைஞ்சு நிமிசம் நான் பொறுத்திருக்கலாம், மச்சான். பிழை என்னுடையது. எழுதிவிட்டேன், இதற்குமேல் இதை அழகாக எழுத எனக்குத் தெரியாது.

கத்திக்காக என்னை ஏசும், ஏச உமக்கு உரிமையிருக்கு. ஆனால் ஜேர்மனியிலிருந்து ஏசாமல் இங்கே வந்து ஏசும். கன்னிக்காலுக்கு முருக்கங்கொம்பு வெட்ட வேறு ஒருவரையும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீர் வராவிட்டால் உம்முடைய அக்கா என்னோடு கோபிக்கமாட்டா. ஒன்றும் பேசாமல் இருப்பா. அதுதான் எனக்குப் பயம்.

உம்முடைய பிள்ளைகளுக்கு என்னுடைய ஆசீர்வாதம். உம்முடைய மனைவியான தங்கச்சிக்கு என்னுடைய அன்பைச் சொல்லும். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்ந்து, கன்னிக்கால் நடுகிற ஆவணி பதினெட்டுக்கு முன் இவ்விடம் வந்துசேர இறைவன் அருள்வாராக.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
யோகலிங்கம்
(ரைம்கீப்பர், ஓய்வு)

பி.கு.: கடிதத்தைப் போனில் படம் பிடித்து உமக்கு அனுப்பச் சொல்லி யதுவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அப்பா, கத்தி உடைஞ்ச அண்டைக்கே அம்மா மாமாவுக்குச் சொல்லிப்போட்டா" என்கிறாள். எந்த மாமாவுக்கு என்று கேட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் கோழிக்கூட்டுப் பக்கம் போய்க் கதைத்தது கோழியோடு இல்லையாம். பதினொரு வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறவில்லையாம். சித்திரையில் நீர் எனக்கு ஒரு கைமணிக்கூடுதான் வாங்க நின்றீராம், அக்காதான் தடுத்தாவாம். "மணிக்கூடு வேண்டாம்டா. அது பாட்டுக்கு ஓடும், இவர் ஒரு வரியும் எழுதார். இவரின்ரை கையிலை கெதியா உடையிற சாமானாப் பாத்து அனுப்பு. தான் ஏதும் பிழை விட்டால்தான் மனிசன் பேனை எடுக்கும்" எண்டாவாம். எது கெதியாய்ப் பெயரும் என்று நீரும் கடையில் விசாரித்துத்தான் வாங்கினீராம். டிக்கற் எடுத்தே ஒரு மாதமாம். உமக்கென்று அறைக்கு வெள்ளையடித்ததை, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று சொல்லி என்னைக்கொண்டே அடிப்பித்திருக்கிறா. ஆக, இந்த வீட்டில் பதினொரு வருடமாக உம்மோடு கோபமாயிருந்தது நான் ஒருவன் மட்டும்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியாது.