மூளைக்கு ஒரு டி.சி.

ஒரு மனிதன் ஓரிடத்தில் இருந்தால் அவன் மூளையும் அங்கேதான் இருக்கும் என்று நம் முன்னோர்கள் நம்பிவந்தார்கள். பாவம், அவர்களுக்கு விவரம் போதாது. பெங்களூரின் மகாமேதா பல்கலைக்கழகம் இந்த மூடநம்பிக்கையை ஒழிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டபோது, சிவாஜிநகர் ஜானகி அங்கே பி.காம். கடைசி வருஷத்தில் இருந்தாள்.

பி.காமுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் ஊர் பூராவும் நியூரோ காற்று அடித்தது. நியூரோ யோகா, நியூரோ டயட், நியூரோ குழந்தை வளர்ப்பு. கோரமங்களாவில் ஒருத்தர் 'நியூரோ ஃபில்டர் காபி' என்று போர்டு மாட்டி, பழைய காபியையே இரட்டிப்பு விலைக்கு விற்றார். குடித்தவர்களுக்கு மூளை நன்றாக வேலை செய்திருக்க வேண்டும், மறுநாள் யாரும் வரவில்லை. இவ்வளவு நடக்கும்போது துணைவேந்தருக்குத் தூக்கம் வருமா? எல்லாத் துறைக்கும் 'நியூரோசயன்ஸ் அறிமுகம்' கட்டாயப் பாடம் ஆனது. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

ஜானகிக்கோ பட்டம் வந்தே ஆகவேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவள் அப்பா அதே எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருஷக்கணக்காக கேப் ஓட்டுகிறவர். எந்தக் கம்பெனி கேட்டையும் தாண்டி உள்ளே போனதில்லை. அம்மா சும்மா இருந்தாளா? தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டாள். வேலை போனால் வேறு வேலை தேடலாம், கொடுத்த மைசூர்பாகைத் திரும்ப வாங்க முடியுமா?

பாடம் எடுத்தவர் பேராசிரியர் ரங்கா. நல்ல மனுஷர். எதைத் தொட்டாலும் மூளையில் கொண்டுபோய் முடிப்பார். "பசிப்பது வயிறு அல்ல, மூளை" என்பார். மதியம் மணி அடித்ததும் மூளையை அங்கேயே விட்டுவிட்டு வயிற்றோடு கேண்டீனுக்கு ஓடுவார். அவர் யோசனையின் பேரில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது: 'மாணாக்கர்களின் உடல் வருகை இனி வருகையாகக் கருதப்படமாட்டாது. மூளை வருகையே வருகை.' ஆளுக்கொரு நெற்றிப் பட்டை கொடுத்தார்கள். அதில் பச்சை எரிந்தால் மூளை ஆஜர், சிவப்பு எரிந்தால் ஆப்சென்ட். வருஷ சராசரி முக்கால்வாசிக்குக் குறைந்தால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

முதல் வகுப்பிலேயே ஜானகி முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டாள். நெற்றியில் சிவப்பு. அவள் சிநேகிதி ஐரின் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து தூங்கினாள். நெற்றியில் நல்ல பச்சை.

"பாருங்கள், இதுதான் ஆழ்ந்த கவனம்!" என்று ரங்கா ஐரினைக் காட்டினார். எல்லாரும் கைதட்டியதில் ஐரின் விழித்துக்கொண்டு, "முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஜானகிக்கு அந்தப் பாடம் நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. ஞாபகம் எங்கே தங்குகிறது, பயம் எப்படிக் கிளம்புகிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரிக்கெல்லாம் விளக்குவாள். அவ்வளவும் மூளை ஆப்சென்ட்டாக இருக்கும்போதே செய்தாள்.

பிப்ரவரி முடியும்போது ஐரின்தான் கண்டுபிடித்தாள். "அடியே, தலையா இது, எண்ணெய்ச் சட்டியா? பட்டை எங்கடி ஒட்டும்?"

அம்மா தினமும் காலையில் கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்து, இறுக்கிப் பின்னி அனுப்புகிறவள். மூளை குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். ஜானகி அன்றைக்கே ஷாம்பு போட்டுக் குளித்தாள். மறுநாள் பட்டையில் பச்சை எரிந்தது. அப்பாடா என்று துணைப் பதிவாளர் கோவிந்தப்பாவிடம் போய்ப் பழைய கணக்கைச் சரிசெய்யச் சொன்னாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"நோடம்மா, இங்க பாரு" என்றார் கோவிந்தப்பா, கம்ப்யூட்டரைப் பார்த்து. "ஜூலைலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் உனக்கு மூளை இல்ல. மார்ச்சுல திடீர்னு வந்திருக்குது. எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேயும் போகல சார். மொதல்லேர்ந்தே இருந்துச்சு."

"இருந்துச்சுன்னு யார் சொல்றது?"

"நான்தான் சார்."

"எதை வச்சு சொல்றே?"

"மூளையை வச்சுதான்."

"அதுதானே ரெக்கார்டுல இல்ல!" கோவிந்தப்பா பரிதாபமாகச் சிரித்தார். "வருஷ நடுவுல யார் வந்து சேர்ந்தாலும் ரூல் ஒண்ணேதான். முன்னாடி இருந்த இடத்துலேர்ந்து டி.சி. கொண்டு வரணும்."

"மூளைக்கா சார்?"

"பின்ன காலுக்கா? கால்தான் ஜூலைலயே ஜாயின் பண்ணிடுச்சே."

ஜானகி ரங்காவிடம் ஓடினாள். "உன் வேதனை என் மூளைக்குப் புரிகிறது, அம்மா" என்றார் அவர். "ஆனால் மெஷினைச் சந்தேகிப்பது அறிவியல் மனப்பான்மை ஆகாது." அதற்குள் கேண்டீன் மணி அடித்துவிட்டது.

வீட்டில் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "இல்லாத மூளைக்கா நான் இத்தினி நாளா எண்ணெய் தேய்ச்சேன்? எந்தக் கட்டையில போறவன்டி சொன்னான்? வா, நான் வந்து கேக்கறேன்." அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பொண்ணு மூளைய என் கேப்ல மறந்து வச்சிட்டுப் போயிடுச்சு, இப்பதான் கெடச்சுதுன்னு வேணா எழுதிக் குடுக்கட்டா?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜானகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? மறுநாள் நேராகக் கோவிந்தப்பா அறைக்குப் போனாள். அவர் ஓர் இளநீரைக் குடித்து முடித்திருந்தார். இரண்டாவது, சீவி ஸ்ட்ரா போட்டு மேஜைமேல் காத்திருந்தது. ஜானகி தன் பட்டையைக் கழற்றி அந்த இளநீரின் ஈர மட்டையைச் சுற்றி மாட்டினாள்.

பச்சை எரிந்தது. கம்ப்யூட்டரில் கவனம்: தொண்ணூற்றொன்று.

"பாத்தீங்களா சார்! ஈரம் இருந்தா போதும், இது எதுக்கு வேணா பச்சை காட்டும். இந்தக் காய்க்குமா மூளை இருக்குது?"

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள், அப்பாவிப் பெண். கோவிந்தப்பா மெதுவாகக் கையை நீட்டி, இளநீரிலிருந்து ஸ்ட்ராவை மரியாதையாக எடுத்துவிட்டார்.

"ஏனம்மா, இது எந்த டிபார்ட்மென்ட்?"

ரங்காவை வரவழைத்தார்கள். ரங்கா இளநீரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருபது வருஷத்தில் இப்படியொரு கவனத்தைத் தம் வகுப்பில் பார்த்ததில்லை என்று தழுதழுத்தார். பிறகு இருவரும் விதிமுறைகளைப் புரட்டினார்கள். ஒரு மாணாக்கருக்காக இன்னொரு மாணாக்கர் ஆஜர் கொடுத்தால் அது குற்றம். இளநீர் மாணாக்கர் இல்லை. வெளியாள் வந்தாலும் குற்றம். இளநீர் ஆளே இல்லை.

"அப்ப பிரச்சினையே இல்ல" என்றார் கோவிந்தப்பா. "குறையற அட்டெண்டன்ஸுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம். உன் மூளை டி.சி. இல்லாம வர முடியாது. இது உன் பேர்ல வரலாம். இது ஃப்ரெஷ் அட்மிஷன்."

ஹால் டிக்கெட் வேண்டுமே! தேங்காயால் வந்த வினை தேங்காயாலேயே தீரட்டும் என்று ஜானகி தலையாட்டிவிட்டாள்.

பிறகு கேட்க வேண்டுமா? ஒரே வாரத்தில் எல்லா நாற்காலியிலும் இளநீர். பையன்கள் காயை வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனார்கள். கேட் வாசல் இளநீர் வண்டியில் பெற்றோர்கள் வந்து, "நல்லாப் படிக்கிற காயாப் பாத்துக் குடுப்பா" என்று தட்டிப் பார்த்து வாங்கினார்கள். ஐரின் மட்டும் தானே வந்தாள். வீட்டில் அவ்வளவு நிம்மதியாகத் தூக்கம் வராதாம்.

ஜானகியும் தன் இளநீரை மடியில் வைத்துக்கொண்டு பாடம் கேட்க வந்தாள். ஒருநாள் எழுந்து, "சார், மூளையே இல்லாம கவனம் மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டாள்.

"உஷ்!" என்று பதறினார் ரங்கா. "வகுப்பே எவ்வளவு கவனமா இருக்குது, நீ ஒருத்தி கெடுக்கறியே! காயை வச்சிட்டு வெளியே போ."

மிச்சப் பாடத்தை அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்டாள். ஆய்வுக் குழு வந்து பார்த்துவிட்டு, நாட்டிலேயே இவ்வளவு ஒழுக்கமான மாணாக்கர்களைக் கண்டதில்லை என்று உயர்ந்த தரம் வழங்கிப் போனது. ஜானகி தன் சொந்தத் தலையால் பரீட்சை எழுதினாள், நன்றாகவே தேறினாள். பட்டச் சான்றிதழில் அழகாக அச்சடித்திருந்தார்கள்: 'கவனம்: தொண்ணூற்றொன்று.'

வேலையில் சேரும் நாள் வந்தது. முதல் நாள் முடி பறக்கக் கூடாது என்று அம்மா வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகவே எண்ணெய் வைத்தாள். அப்பா தன் கேப்பிலேயே கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வீணா என்ற அதிகாரி சிரித்த முகமாக வரவேற்று, நெற்றியில் ஒரு பட்டையை மாட்டினார். கம்பெனியிலும் புதுசாக வந்திருக்கிறதாம்.

சிவப்பு எரிந்தது. வீணாவின் சிரிப்பு போய்விட்டது.

"சர்டிஃபிகேட்ல இருக்கற மூளை இது இல்லியே ஜானகி. இது ஆள்மாறாட்டம் ஆச்சே."

"மேடம், எண்ணெய்... நான்தான் மேடம் படிச்சேன்!"

"நீங்க படிச்சிருக்கலாம். நாங்க வேலைக்கு எடுத்தது தொண்ணூற்றொண்ண. அது எங்கே?"

ஜானகி அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் அத்திபெலே போகிற ரோட்டில் வண்டியை விரட்டி, நல்ல தண்ணிக் காயாக ஒன்று வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். கேட்டில் காவலர் எழுந்து நின்று, இளநீரை இரண்டு கையாலும் வாங்கி, அடையாள அட்டை மாட்டி உள்ளே அனுப்பினார். பின்னாலேயே காலை வைத்த அப்பாவை மறித்து, "நீங்க யாரு?" என்றார். அப்பா திரும்பிப் போய் கேப்பில் உட்கார்ந்துகொண்டார்.

ஜானகியை அவளுடைய பிரிவுக்கு அழைத்துப்போனார்கள். நீளமான ஹால். வரிசை வரிசையாக மேஜை, மேஜைக்கொரு இளநீர், எல்லாவற்றிலும் பச்சை. பக்கத்தில் ஆட்கள் ஓசைப்படாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவற்றின் கவனம் கலைந்துவிடக் கூடாதே என்று. ஹாலின் கோடியில் கண்ணாடி அறை. மேனேஜரைப் பார்த்து வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

உள்ளே பெரிய சுழல் நாற்காலியில் இருந்தது இளநீர் இல்லை. குடுமி வைத்த முற்றின தேங்காய். அனுபவஸ்தர்.

ஜானகி தன் காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "குட் மார்னிங் சார்" என்றாள்.