பின்லைட்டு திரும்பிப் போன சாலை

மலேசியாவின் ஜொகூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே யாரையும் ஒருமுறைகூட முந்தாத மனிதர் பின்லைட்டு ஒருவர்தான். ஆமையை அவருக்கு முன்னால் விட்டால், ஆமை திரும்பிப் பார்த்து, வெட்கப்பட்டு, வேகத்தைக் கூட்டும். அவர் முந்த மாட்டார்.

மாசாயில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் அவருடைய இயற்பெயர் யாருக்கும் நினைவில்லை. தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குழு புறப்பட்டால், கடைசி ஆளுக்குப் பத்தடி பின்னால், சைக்கிளின் பின்விளக்கு மாதிரி அவர். "நீங்க போங்க லா, நான் பின்னாடி இருக்கேன்" என்பார். பையில் ட்யூப், பம்ப், தைலம், ஊசி நூல், ஒரு டப்பா ஆசாம்போய். யாருக்குத் தலை சுற்றினாலும், கால் பிடித்துக்கொண்டாலும், மனைவியோடு சண்டை என்றாலும், அந்த உப்புப் பழம் ஒன்று வாய்க்குள் போகும்.

ஒரு நாள் பனிமூட்டத்தில், கீரை மூட்டையோடு போன ஒரு சீனக் கிழவரை எங்கள் ஆள் என்று நினைத்து அவர் பின்னாலேயே போய்விட்டார். நாங்கள் ரொட்டிச்சானாய் கடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கையில் ஒரு கட்டுக் கீரையோடு வந்து சேர்ந்தார்.

"நம்ம ஆளு இல்லன்னு தெரியலையாண்ணே?"

"பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு லா. ஆனா அந்த அப்பேக் ரொம்ப மெதுவா போனாரு. எப்படி விட்டுட்டு வர்றது?"

இப்படிப்பட்டவரோடுதான் நாங்கள் பத்துப் பேர் ராஜஸ்தானுக்குப் போனோம். ஏழு நாள் பாலைவனப் பயணம். சாமான் சுமக்க, தண்ணீர் கொடுக்க, படுத்துவிட்டவர்களை அள்ளிக்கொள்ள ஒரு வேன். எங்கள் தலைவி ரேவதி டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் ஆள் எண்ணுவதை நிறுத்தாதவர்.

நான்காம் நாள் வெயிலை எப்படிச் சொல்ல? நம் ஊர் வெயில் வியர்க்க வைத்து விட்டுவிடும். அந்த ஊர் வெயில் வியர்வையையும் விட்டுவைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் வாந்தி எடுக்க, வேன் அவரை ஏற்றிக்கொண்டு தங்கும் விடுதிக்கு முன்னாலேயே போய்விட்டது. மற்றவர்கள் பாதி வழியில் இருந்த டீக்கடையைக் குறிவைத்துப் போனார்கள். கடைசி நான். எனக்குப் பின்னால் அவர்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் தம்பி."

அதை ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். "கொஞ்சம் தள்ளி வாங்கண்ணே. கழுத்துலயே மூச்சு விடுறீங்க!" என்று கத்தினேன். பின்வாங்கினார். சிறிது தூரத்தில் அவர் சக்கரத்தில் முள் ஏறியது. "நீ போயிட்டே இரு, நான் பிடிச்சிக்கிறேன்" என்று கையசைத்தார்.

நான் போனேன். பின்னால் ஓர் ஆட்டு லாரி வந்தது. ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்து, கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டினார். எனக்கு இந்தியில் தண்ணீர் என்ற ஒரு சொல்தான் தெரியும். ஆனால் அந்தக் கட்டைவிரல் தெளிவான தமிழ் பேசியது. லாரியில் ஏறி, சைக்கிளைப் படுக்கப் போட்டேன். அதன்மேல் ஆடுகள் ஏறி நின்றன. டீக்கடையைக் கடக்கும்போது எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு கிடாவின் வயிற்றுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டேன். விடுதிக்குச் சற்று முன்னால் இறங்கி, மிச்சத்தை நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

மற்றவர்கள் வந்தபோது நான் குளித்து முடித்திருந்தேன்.

"அலமாக்! பின்னாடி பின்லைட்டு இருக்காருன்னு நம்பித்தான் டீக்கடையிலேர்ந்து கிளம்பினோம். எப்ப எங்கள முந்துனீங்க?" என்றார் டீச்சர்.

"நீங்க டீ குடிச்சப்ப. நான் நிக்கல."

கைதட்டினார்கள். இன்னொருவர், "பின்லைட்டு எங்க?" என்றார்.

"பின்னாடி வர்றாரு" என்றேன். அவர் வேறு எங்கே இருப்பார்?

ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் இன்னொன்று. அந்தச் சாலையில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. டீச்சர் வேனை எடுக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். டீக்கடைக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை எங்கள் ஓட்டுநர் விளக்கினார். கிழவர் ஒருவர் வந்தார், இன்னொரு ஆள் வந்தானா என்று கேட்டார், வரவில்லை என்றதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அவரைக் கண்டுபிடித்தபோது, முள் குத்திய இடத்தையும் தாண்டிப் போயிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்து, "தம்பி... தம்பி..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கிழிந்திருந்தது. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

என்னைப் பார்த்தார். "அடே, நீ இங்கதான் இருக்கியா!" என்று சிரித்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சைக்கிளில் ஒரு போத்தல் காலி. இன்னொன்று மூடிகூடத் திறக்காமல் நிறைந்திருந்தது. டீச்சர் அதைத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் தள்ளிவிட்டு என்னைக் காட்டினார்.

"அது அவனுக்கு வெச்சது. குடி தம்பி, வெயில்ல ரொம்ப நேரம் நின்னிருப்ப."

குளித்து, எலுமிச்சைச் சாறு குடித்து வந்த நான் அதை வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் இரண்டு நாள் சொட்டு மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கடைசி நாள் வேனில் எங்களுக்கு முன்னால் போனார். முன் இருக்கையில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு எங்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம், சும்மா இருக்கப் பிடிக்காமல் எல்லோருடைய சைக்கிளையும் துடைத்தார். என் சைக்கிள் சங்கிலியின் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்த எதையோ குச்சியால் நோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஆட்டுப்புழுக்கை. சுற்றிலும் ஒரு பார்வை. மண்ணில் தட்டிவிட்டு, எண்ணெய் போட்டு, என்னிடம் சைக்கிளைத் தந்தார்.

"நல்லா சுத்துது இப்ப" என்றார். அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் வெயிலில் சைக்கிளே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாசாய் வீட்டை விற்றுவிட்டு, அவரும் அவர் மனைவி, எங்கள் அண்ணியும், சாஆ என்ற சிற்றூரில் மகளோடு இருக்கப் போனார்கள்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்க வராது; அண்ணிதான், நான் இதை எழுதும் இந்த வாரப்பத்திரிகையை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். "அண்ணே, அந்தப் பாலைவனத்துல அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டதும் மறுபடி ஆரம்பித்தேன்.

"அத விடு லா. நீ கெடச்சிட்ட இல்ல?"

அதனால் மூன்றாம் முறையை இங்கே எழுதுகிறேன்.

அண்ணி, இந்தப் பத்தியைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். அண்ணே, அன்றைக்கு நான் ஆட்டு லாரியில் போனேன். உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை நான் அந்த ரோட்டிலேயே, அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.