பச்சை வயரின் பதவி நீக்கம்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று வெள்ளைக்காரர் பலருடைய பெயரைச் சொல்லுவார்கள். சொல்லட்டும். அந்த மின்சாரத்துக்கு அரசாங்க அலுவலக ஒழுக்கத்தைக் கற்பித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் 1937ஆம் ஆண்டு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் எங்கள் ஒழுங்கையில், ஐந்தாம் இலக்க வீட்டில் வசித்தார். பிரதம இலிகிதர் திருவாளர் கதிர்காமநாதன் அவர்கள்! அவருடைய முன் அறையில் வாடகைக்கு இருந்து, அவர் மனைவி கனகேஸ்வரி அக்காவின் சோற்றை இருபது மாதம் தின்ற, அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இரண்டாந்தர இலிகிதன் நான். ஆகவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு உண்டு. கையெழுத்தும் எனக்கு வடிவு.

ஒழுங்கைக்குக் கரண்ட் வந்ததும் மற்ற வீட்டுக்காரர் எல்லாம் வயரிங் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். அறியாமை. கதிர்காமநாதன் அவர்கள் புறக்கோட்டைக்குப் போய், வீட்டுக்காரரே தம் கையால் வயரிங் செய்வது எப்படி என்று விளக்கும் இங்கிலீசுப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். நூற்றிருபது பக்கம். முதல் நாற்பது பக்கமும் ‘எச்சரிக்கை’. அவர் நேரே நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார்.

“முன்னுக்கு இருக்கிறதை வாசிக்கேல்லையோ, சேர்?” என்று கேட்டுவிட்டேன்.

“தம்பி, முப்பது வருசச் சேவையில நான் படிச்சது ஒண்டுதான். எந்தக் கடுதாசியிலயும் முன்பகுதி சும்மா மரியாதைக்கு எழுதுறது. விசயம் கடைசிப் பந்தியிலதான் கிடக்கும்.”

இப்படிப்பட்ட ஞானத்தை ஒரு வீட்டுக்குள் அடைத்துவைப்பது பாவமல்லவா? எனவே ‘வெள்ளவத்தை இல்ல மின்சார சுயவுதவிச் சங்கம்’ உதயமானது. உறுப்பினர் ஏழு பேர். ஸ்குறூ டிரைவர் ஒன்று. தலைவர் அவர். செயலாளர் நான். உபதலைவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒஸ்வால்ட். தம் வீட்டுக்கு எங்களுக்கு நாலு வருடம் முந்தியே கரண்ட் வந்துவிட்டது என்பது அவருடைய தகைமை.

சங்கத்தின் முதல் பணி தலைவரின் புதிய மின்சார அயன் பெட்டி. தலைவர் அலுவலகத்துக்கு வெள்ளை ட்ரில் கோட்டுப் போட்டுப் போகிறவர். அந்தக் கோட்டை அக்கா நாள்தோறும் அயன் பண்ணவேண்டும். பெட்டி வந்த அன்றே தலைவர் அதைக் கழற்றி ‘பரிசோதித்து’ மறுபடி பூட்டினார். பூட்டி முடிந்தபோது ஒரு ஸ்குறூ மிஞ்சியது. “இது மேலதிகம்” என்று அதை உறையில் போட்டு, இலக்கமிட்டுக் கோப்பில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதற்குப் பிறகு பெட்டியின் பிடி கொஞ்சம் ஆடியது. அக்கா கோட்டை ஊன்றித் தேய்க்கவேண்டுமானால் பிடியைத் தாங்கிய, அவ்வளவு சுடாத இரும்புத் தண்டில்தான் கையை வைக்கவேண்டியிருந்தது.

மறுநாள் காலை பெட்டியின் பிளக்கைச் சுவரில் சொருகியதும் ‘டப்’. பியூஸ் போய்விட்டது. அடுத்த நாளும் ‘டப்’. மூன்றாம் நாளும். தலைவர் அலுவலகம் போனபிறகு அக்கா, சந்தைப் பக்கம் சின்னக் கடை வைத்து வயரிங் வேலை செய்யும் பௌஸியைக் கூப்பிட்டுவிட்டார். பின்னேரம் அவன் வந்தபோது தலைவரும் வந்துசேர்ந்தார்.

“தொரை, பியூஸ் போறது பியூஸ்ட குத்தமில்ல,” என்றான் பௌஸி. “பெட்டிக்குள்ள வயர் எங்கயோ இரும்புல முட்டிக்கிட்டு ஈக்கி. அதத்தான் பியூஸ் சொல்லிக் காட்டுது. பெட்டிய என்னட்டத் தாங்க, பாத்துத் தாரன்.”

பௌஸி சங்கத்தின் உறுப்பினர் அல்லர் என்பதால் அவர் கருத்து ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று, பியூஸ் கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கோ இவரை! மேலிடத்து உத்தரவை நிறைவேத்தாமல் நாளுக்கு ஒருக்காத் தானே ராஜினாமாச் செய்யிறார். எங்கட கந்தோரில இப்பிடி ஒரு ஆளை வைச்சிருப்பமே?”

“ஒருக்காலும் வைச்சிருக்கமாட்டம்!” என்றார் ஒஸ்வால்ட்.

பதவி நீக்கக் கடிதத்தை நான் எழுதினேன். காலியிடத்துக்கு உறுதியான ஊழியர் தேவைப்பட்டார். தலைவர், அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனார்.

“இஞ்சரும், ஒருக்காத் தலையைக் குனியும்.”

அக்காவின் கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகள் எடுக்கப்பட்டு, முறுக்கப்பட்டு, பியூஸ் இருந்த இடத்தில் நியமனம் பெற்றன.

“ஏனப்பா, கடையில பியூஸ் கம்பி விக்கேல்லையே?” என்று அக்கா அவிழ்ந்த கொண்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அது பலவீனமான சாதி. உமக்கு விளங்காது.”

கொண்டை ஊசி அசையவில்லை. என்ன விசுவாசம்! அதற்குப் பதிலாகப் பிளக் புகைந்தது. தலைவர் அதைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று வயர். சிவப்பால் கரண்ட் வருகிறது, கறுப்பால் திரும்பிப் போகிறது என்று நாற்பத்தோராம் பக்கம் சொல்லியது. பச்சை?

“பச்சையைப் பற்றிப் பதினேழாம் பக்கத்தில...” என்று நான் தொடங்கினேன்.

“அது முன்பகுதி!” என்றார் தலைவர். பிறகு அவரே அந்தப் பச்சை வயரைப் பின்தொடர்ந்து போனார். அது சுவரேறி, யன்னலால் வெளியே இறங்கி, முருங்கை மரத்தடியில் ஒரு இரும்புக் கம்பியோடு மண்ணுக்குள் போயிருந்தது. தலைவருடைய முகம் சிவந்தது.

“இரண்டு பேர் மாய்ஞ்சு மாய்ஞ்சு வேலை செய்ய, இவர் மண்ணுக்குள்ளை படுத்துக் கிடக்கிறார், தம்பி! எழுதும் கடிதத்தை!”

ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு அரசாங்க இலிகிதர் எல்லாம் பயந்து நடந்த காலம் அது. எங்கள் கந்தோரில் அப்படிக் கடிதம் வாங்கியவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வாசகங்களை அப்படியே இங்கே பயன்படுத்தினேன்: ‘பச்சை வயராகிய தாங்கள் யாதொரு கடமையும் ஆற்றாது சும்மா இருப்பதாக அறியப்படுவதால், இன்று முதல் சேவையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.’ தலைவர் கையெழுத்திட்டார். ஒஸ்வால்ட் குறட்டால் வெட்டினார். பிளக்கைச் சொருகினோம். டப்பும் இல்லை, புகையும் இல்லை. பெட்டி அமைதியாகச் சூடேறியது. ஏழு பேரும் கைதட்டினோம்.

இரண்டு நாளில் அக்காவிடமிருந்து முறைப்பாடு வந்தது.

“பெட்டி கையைக் கடிக்குதப்பா.”

“வாயால சொன்னாச் சங்கம் எடுக்காது. எழுத்தில தாரும்.”

அக்கா லோண்டரி ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால், ‘பெட்டி கடிக்கிறது. கனகேஸ்வரி’ என்று எழுதிக் கொடுத்தார். ‘தங்கள் கடிதம் கிடைத்தது. விடயம் கவனத்தில் உள்ளது’ என்று நான் அழகாகப் பதில் எழுதி, குசினியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, அதாலேயே அடுப்பை மூட்டினார்.

ஆனால் அக்கா எங்கள் கவனத்துக்காகக் காத்திருக்கவில்லை. கலியாணத்தில் தானும் மாப்பிள்ளையும் அமர்ந்திருந்த முதிரைப் பலகையை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். அதை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று அயன் பண்ணத் தொடங்கினார்.

“ஏனெண்டு தெரியேல்லைத் தம்பி,” என்று என்னிடம் சொன்னார். “பலகையில நிண்டாக் கடி குறைவு. ஒருக்கா மறந்துபோய் இறங்கினன், பேய் பிடிச்ச மாதிரி உலுப்பிப் போட்டுது. உந்தப் பெட்டியால நான் செத்துப் போயிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு. நீர் ஒருக்கா அவருக்குச் சொல்லுமன்.”

சொன்னேன். ‘பெண்களின் மனப்பிரமை’ என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்ததாகச் சங்கம் வீட்டின் எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே இடத்தில் பொருத்தும் மாபெரும் திட்டத்தை வகுத்தது. அதற்குக் காய்ந்த, கனமான ஒரு பலகை வேண்டும். தலைவருடைய கண் முதிரைப் பலகையில் விழுந்தது.

“அது நான் நிக்கிற பலகை!” என்றார் அக்கா.

“நிக்கிறதுக்கு நிலம் இருக்குத்தானே.”

‘பலகை ஒன்று, கொண்டை ஊசி இரண்டு: நலன்விரும்பி ஒருவரின் அன்பளிப்பு’ என்று பதிவேட்டில் எழுதினேன். பெயரைப் போடவில்லை. அவர் உறுப்பினர் அல்லவே.

திறப்புவிழா, தலைவரும் நானும் லீவு எடுத்த ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டு மணிச் சுபவேளையில் வைக்கப்பட்டது. விடியவே வீடு முழுவதும் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. நிறைகுடம் வைத்தாயிற்று. சுவிட்சுகளுக்குச் சந்தனப் பொட்டு. தட்டத்தில் உடைப்பதற்கு ஒரு தேங்காய். வீட்டின் மெயின் சுவிட்சை யாரும் கண்டபடி தொடக்கூடாது என்று கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். பூட்டின் சாவியாகிய திறப்பு என் இடுப்பில். மெயினை நிறுத்துவதானால் பெயர், காரணம், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதித் தலைவரின் ஒப்பம் பெறவேண்டும். இத்தகைய பாதுகாப்பு அன்றைக்குக் கொழும்பில் வேறெந்த வீட்டிலும் இருந்திருக்காது.

ஒன்பதரைக்குத் தலைவர் கோட்டில் ஒரு மடிப்பைக் கண்டார்.

“இதோட எப்பிடிப் பேசுறது? ஒருக்கா அயன் பண்ணித் தாரும்.”

“பலகை இல்லை. நிலம் ஈரம். வேண்டாமப்பா.”

“தலைவரின்ர மனுசியே பயந்தாச் சனம் என்ன சொல்லும்?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்று, பெட்டியின் இரும்பில் கையை ஊன்றினார்.

ஒரு சத்தம், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுவதும் நடுங்கியது. கண் திறந்தபடி இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. தலைவர் பிடித்து இழுக்கப் பாய்ந்தார். ஒஸ்வால்ட் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“தொடாதையுங்கோ, நீங்களும் போயிடுவியள்! மெயினை நிப்பாட்டுங்கோ!”

நான் பதிவேட்டைத் திறந்தேன். கடவுள் சாட்சியாக நான் கேட்டது இதுதான்: “காரணம் என்னெண்டு எழுதிறது, சேர்?”

“விபத்தெண்டு எழுதாதையும்! பராமரிப்பெண்டு எழுதும்!”

பேனாவில் மை வரவில்லை. உதறினேன்.

அப்போது வாசலில் பௌஸி நின்றான். பெட்டியை வந்து பார்க்கும்படி அக்கா முதல்நாள்தான் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாராம். அவன் என்னைத் திறப்புக் கேட்கவில்லை. தட்டத்திலிருந்த தேங்காயைத் தூக்கி அலுமாரிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கையை உள்ளே விட்டு மெயினை இழுத்தான். தேங்காய் இரண்டாகப் பிளந்து நிலத்தில் உருண்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நாற்பத்திரண்டு. சுபவேளை தவறவில்லை.

அக்கா விழுந்தார். மூச்சு இருந்தது. பௌஸி அவருடைய கையைத் துணியால் சுற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தான். அந்த இரண்டு ஊசிகளையும் எடுத்துத் தலைவர் முன்னால் நீட்டினான்.

“தொரை, இது பொம்புளயள்ட தலக்கிப் போடுற சாமான். இதுக்குள்ள போட்டா அவங்கட தலையத்தான் எடுக்கும்.”

அடுத்த ஞாயிறு விசாரணைக் கூட்டம். அறிக்கை ஒன்பது பக்கம், முழுவதும் என் கையெழுத்து. ஈரக்காலோடு நின்றது திருமதி கனகேஸ்வரியின் கவனக்குறைவு. சங்கத்தின் கண்ணாடியையும் தேங்காயையும் அனுமதியின்றி உடைத்தது பௌஸியின் ஒழுங்கீனம். ஆபத்து வேளையிலும் நிதானம் இழக்காத தலைவருக்கு நன்றி. கடைசிப் பந்தியின் கீழே நாங்கள் ஏழு பேரும் ஒப்பமிட்டோம்.

மை காய்வதற்குள் அக்கா வந்தார். வலக்கையில் கட்டு. இடக்கையில் அயன் பெட்டி. அதை மேசையில், எங்கள் நடுவே வைத்தார். வயர் அவருக்குப் பின்னால், சேலைத் தலைப்புக்குள் போயிருந்தது.

“தம்பி, கடைசிப் பந்தியை வாசியும். விசயம் அதிலதானே கிடக்கும்.”

வாசித்தேன். “‘மேற்படி அயன் பெட்டி பூரண பாதுகாப்பானதென இச்சங்கம் ஏகமனதாகச் சான்றளிக்கிறது.’”

“சந்தோசம். அப்ப தலைவர் ஒருக்கா உதில கையை வைக்கட்டும்.”

தலைவர் ஒஸ்வால்ட்டைப் பார்த்தார். ஒஸ்வால்ட்டுக்குக் கொட்டாஞ்சேனை பஸ் நினைவுக்கு வந்தது. மற்ற நாலு பேரும் காலைத் தூக்கிக் கதிரைச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்கள்.

“நீர் வையுமன், தம்பி. என்ர கையால எத்தினை நாள் சாப்பிட்டனீர்.”

நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன்.

“ஓ! அப்ப என்ர கைக்கு மட்டும்தான் பாதுகாப்பானதோ?”

அக்கா சேலைத் தலைப்பை உதறினார். பிளக் மேசையில் ‘டக்’கென்று விழுந்தது. பெட்டி கரண்ட்டோடு தொடுக்கப்படவே இல்லை. மின்சார நிபுணர் ஏழு பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

“என்ர பலகையைக் கழட்டித் தாங்கோ,” என்றார் அக்கா. பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பௌஸி வந்து முதல் வேலையாகப் பச்சை வயரைத் திரும்பவும் மண்ணோடு சேர்த்தான். மிஞ்சிய ஸ்குறூவையும் கேட்டு வாங்கினான். அது வடிவாக இலக்கமிட்டு இருந்ததால் உடனே எடுத்துக் கொடுத்தேன். கோப்பு இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. பச்சை வயர் யாதொரு கடமையும் ஆற்றாது சும்மா இருந்தது என்று அதில் முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு, திறப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது யார் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அந்தக் குறையை இத்தால் நிவர்த்தி செய்து ஒப்பமிடுகிறேன்.

வே. சிவபாலன்,
செயலாளர்.