வெயில் சுவரும் கடைசி இடமும்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் புஞ்சோக் அவர்கள் சமூகத்துக்கு, லே நகருக்குப் பக்கத்திலிருந்து இஷே அங்சுக் ஜூலே என்று வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பசுவும் சௌக்கியம். அங்கே ஜம்முவில் நீங்களும் உங்கள் மூட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல். உங்கள் தங்கை யாங்டோல் என்னோடு கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. விறகு அறையை நான் பூட்டி வைத்தது தப்புதான். முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்குக் கை தானாகப் பூட்டத்தான் போகும். "வீடு சூடாகட்டும், அப்புறம் அனுப்புறேன்" என்று போனில் சொன்னீர்கள். மச்சான், வீடு சூடாகிவிட்டது. அவளை அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கேளுங்கள். கொத்தனார் ஸ்டோப்தன் நம் சமையலறையின் தெற்குச் சுவருக்கு வெளிப்புறம் கறுப்பு பூசி, ஒரு சாண் இடைவெளி விட்டு இரட்டைக் கண்ணாடி நிறுத்தி, சுவரில் மேலே இரண்டு ஓட்டை, கீழே இரண்டு ஓட்டை போட்டார். "இதுக்கு விறகு எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். "அது மேல எரிஞ்சிக்கிட்டிருக்கு, நீங்க சும்மா இருங்க" என்று வானத்தைக் காட்டினார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நண்பகல், வெளியே வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது, மேல் ஓட்டையில் கையை வைத்தால் கன்றுக்குட்டி மூச்சு விடுவதுபோல் வெதுவெதுவென்று வருகிறது. வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. எனக்கு அறுபத்து நாலு வயது மச்சான். இந்த வெயில் என் பாட்டன் காலத்திலிருந்து தினமும் இந்தச் சுவர் வரை வந்து, உள்ளே விட ஆளில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. நாங்கள் உள்ளே சாணத்தை எரித்து இருமிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரைக் கும்பிட்டேன். பொழுது சாய்ந்த பிறகும் அது சுட்டுக்கொண்டே இருந்தது, அடுப்பு மூட்டவே இல்லை.

வினை அதற்குப் பிறகுதான். சுவரடியில் புளிக்க வைத்த சாங், நம் பார்லிக் கள், இரண்டே நாளில் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது, உருளைக்கிழங்கு வசந்தம் வந்துவிட்டதென்று முளை விட்டது, சாங் வாசம் பிடித்து ஊரே வந்துவிட்டது. வந்தவர்களை அந்தஸ்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டுமே. நம் அறையோ நீளம். தலைமை இடம் அடுப்புப் பக்கம், கடைசி இடம் வாசல் பக்கம். இந்தச் சுவரும் வாசல் பக்கம்தான். ஆக, கடைசி இடம் கொதிக்கிறது, தலைமை இடம் உறைகிறது. ஊர்த்தலைவர் ரிக்சினை மேலே வரச் சொன்னால், "நான் என்ன பெரிய ஆளா? எனக்கு இந்த மூலையே போதும்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாத்தியார், "உங்களுக்குக் கீழதாங்க நான், கொஞ்சம் நகருங்க" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புச் சுவர் வீட்டுக்கு ஆகாது என்று பூஜை பண்ண வந்த லாமா, "எல்லாரையும்விட எளியவன் நான்தான்" என்று இருவரையும் தாண்டிப் போய்விட்டார். இத்தனை பணிவை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை, மெய்சிலிர்த்துவிட்டது. மூன்று நாளாக ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமை இடம் காலியாகவே கிடக்கிறது. போன வருஷம் இந்நேரம் கரைந்திருந்த விறகில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இனி யாங்டோலுக்கு என்ன குறை, நீங்களே சொல்லுங்கள்.

மும்மணிகளும் உங்கள் வீட்டைக் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
இஷே அங்சுக்

பி.கு: உறையை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இவ்வளவு பேர் நடுவில் யாங்டோல் எங்கே உட்காருவாள் என்று வாத்தியார் கேட்டார். வீட்டுக்காரியின் இடம் அடுப்படி, அதை யாரும் மாற்ற முடியாது. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பு அணைந்திருக்கிறது, சுவரின் சூடு அதுவரை எட்டவில்லை. ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் என் கால் மரத்துவிட்டது. போன வருஷம் அங்கே இருந்துதான் அவள், "இன்னும் ஒரு கட்டை போடட்டுமாங்க?" என்று கேட்டாள். "இன்னொரு காலுறை போட்டுக்கோ" என்றேன். அடுப்பை மூட்டிவிட்டேன் மச்சான். மிச்சம் பிடித்த விறகெல்லாம் நன்றாக எரிகிறது. மேலே எழுதியது எதையும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். இதை மட்டும் படியுங்கள்.