வரவேற்பு மேசைக்கு வந்த மார்க்

கைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் பர்சன்டைலைக் கணக்குப் போட்டுச் சொல்வேன் என்று அந்தப் பயிற்சி வகுப்பின் வலைத்தளம் அடம்பிடித்தது.

வைபவ் மண்ட்லோய் தன் எண்ணைப் பாதி தட்டிவிட்டு நிறுத்தினான். எதிரே கண்ணாடி அறைக்குள் கிளை மேலாளர் சௌக்ஸே இருந்தார். அவர் கூட்டம் போட்டால் எல்லாரும் போனை மேசைமேல் வைத்துவிட வேண்டும். அழைப்பு வந்தால் அவரே எடுத்து ஸ்பீக்கரில் போடுவார். பயிற்சி வகுப்புக்காரன் எவனாவது கூப்பிட்டு, "கேட் பரீட்சை எழுதினீங்களே" என்று ஆரம்பித்தால் தொலைந்தது. போன வருஷம் இப்படி எம்.பி.ஏ. ஆசைப்பட்ட ஒருவன் மாட்டிக்கொண்டு, இப்போது எங்கோ மூலையில் இருக்கும் ஜாபுவா கிளையில் பம்புசெட் விற்கிறான்.

அன்று காலைதான் அந்த எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பு வெளியாகியிருந்தது. பம்புசெட் விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் நான்கு தடவை கூட்டிப் பார்த்துவிட்டான். முப்பத்தொன்று சரி, பன்னிரண்டு தப்பு. சரிக்கு மூன்று, தப்புக்கு ஒன்று கழித்தால் எண்பத்தொன்று. அது எத்தனை பர்சன்டைல் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வரவேற்பு மேசையில் சிம் போட்ட அலுவலகத்துப் பொது மேசைபோன் அநாதையாகக் கிடந்தது. அங்கே உட்காரும், எல்லாருக்கும் அக்காவான பாரதி தீதி டீ எடுக்கப் போயிருந்தார். வைபவ் அந்த எண்ணைக் கொடுத்தான். பெயர் கேட்ட இடத்தில் வெறும் புள்ளி வைத்தான். ஓ.டி.பி.யைப் பார்த்துக்கொண்டு ஓடிவந்து தட்டினான்.

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.

நாற்காலி அவனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு முன்னால் அவன். பெரிய கல்லூரி, விடுதி அறை, கோட்டு, டை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அப்போது தீதியின் மேசையில் போன் அடித்தது.

அவன் எழுந்து ஓடுவதற்குள் தீதி பேசி முடித்துவிட்டார்.

"யாரு தீதி?"

"ஏதோ கோச்சிங் கிளாஸாம். இந்த ஆபீஸ்லேர்ந்து பரீட்சை எழுதினவருக்கு எண்பத்தொண்ணு மார்க்காம். சார் ரூமுக்கு லைனைக் குடுத்துட்டேன்."

"அவர்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"பெரிய விஷயமா பேசினாங்க. பெரியவர்கிட்ட குடுத்தேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌக்ஸே போனைக் காதில் வைத்தபடி மெல்ல எழுந்து நிற்பது தெரிந்தது.  ஜாபுவாவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட வைபவ் யோசித்துவிட்டான்.

ஒரே வழிதான் இருந்தது. மார்க்கைக் குறைத்துப் போட்டால், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர்களே கூப்பிடுவார்கள். அதே எண்ணைக் கொடுத்து, பத்தொன்பது என்று தட்டி அனுப்பினான்.

திரையில் 99.8 என்று வந்தது. அவசரத்தில் 19 என்பதற்கு 91 என்று அடித்திருந்தான்.

போன் அடித்தது. வைபவ் பாய்ந்தான். தீதி அதைவிட வேகம்.

"அப்படியா? திரும்பக் கணக்குப் போட்டீங்களா? தொண்ணூத்தியொண்ணா? இருங்க, சாருக்குத் தரேன்."

"தீதி, அது ராங் நம்பர்."

"ராங் நம்பர்காரன் எங்கயாவது மார்க்கை ஏத்திக்கிட்டே போவானா? சும்மா இருப்பா."

உள்ளே சௌக்ஸே சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடி போனில் பேசி, பிறகு கணினியில் வேகவேகமாக என்னவோ தட்டினார். மாற்றல் உத்தரவுதான், சந்தேகமில்லை. அதை வாங்கிக்கொள்வதைவிட நாமே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று வைபவ் எழுந்தபோது கதவு திறந்தது.

சாரின் கண்கள் கலங்கியிருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாரதி, கடைக்கு போன் போடு. ஆளுக்கு ஒரு பிளேட் அவல் போஹா, ஜிலேபி தனியா ரெண்டு கிலோ. மேல தூவற ஓமப்பொடி சேவ் தாராளமா போடச் சொல்லு."

ஆபீஸே எழுந்து நின்றது. சௌக்ஸே கதவுக்கு நேரே நின்றிருந்த வைபவிடம் வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சா மட்டும் தெரியாம போயிடுமா, வைபவ்?"

 இந்த மனிதரையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம்? சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். பயமா இருந்தது."

"பயம் யாருக்குத்தான் இல்ல? விடுப்பா. தலைமை ஆபீஸுக்கும் எழுதியாச்சு. இனிமே எவன் தடுக்கறான்னு பார்ப்போம்."

ஜிலேபி வந்தது. முதல் துண்டைச் சாரே வைபவின் வாயில் ஊட்டிவிட்டார். பிறகு வீட்டுக்குப் போன் செய்ய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் பாடுகிற சத்தம் வெளியே வரை கேட்டது.

வைபவ் பாகு ஒட்டிய விரலோடு வரவேற்பு மேசைக்கு மிதந்துபோனான்.

"சார் மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டார் தீதி. எனக்காகத் தலைமை ஆபீஸுக்கே எழுதியிருக்காரே."

"உனக்காகவா?" தீதி வாயில் இருந்த ஜிலேபியை விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷமா என்னைத் தவிர யாருக்கும் தெரியாம அந்தப் பரீட்சையை எழுதறவர் சார்தான்ப்பா. எத்தனை மார்க் வரும்னு கணக்குப் போட்டு இந்த நம்பருக்குச் சொல்லுங்கன்னு அந்தக் கிளாஸ்கிட்ட கேட்டுட்டு, காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருந்தார். போன் வந்ததும் தலைமை ஆபீஸுக்கு ராஜினாமாவை அனுப்பிட்டார்."