ஒரு கிளை, நாலு லோடு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதன்மேல் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

உச்சாணி என்று பெயரெடுத்த மரவெட்டி அன்று காலை ஒன்பது மணிக்கு, மாடிவீட்டு டீச்சரின் ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கிளையை அறுத்து, பூப்போலக் கீழே இறக்கினார். வம்பு அதற்குப் பிறகுதான் பிறந்தது. நாலு மணிக்கு வேலையைச் சரிபார்க்க லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். தரையில் ஒரு இலை கிடந்தாலும், யார் மேலாவது ஒரு கீறல் விழுந்தாலும் லைசென்ஸ் ரத்து. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர் அவர்.

கிளையை லாரியில் கொண்டுபோன மச்சான், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மாமா, மரக்கிடங்குக்காரன் இறக்க விடமாட்டேங்குறான். முழு லோடுன்னாத்தான் கேட்டையே தொறப்பானாம்."

"அப்ப இங்கேயே ஓரமாப் போட்டு வைப்போம்."

மச்சான் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். "விதி பதினொண்ணு. அன்னிக்கு வெட்டினதை அன்னிக்கே அகத்தணும்."

"எரிச்சுட்டா?"

"விதி பன்னெண்டு. புகை வந்தா லைசென்ஸோட ரம்பமும் போயிடும்."

"உங்கக்கா இதைவிடக் கம்மியாத்தான்டா பேசுவா" என்றபடி உச்சாணி மறுபடி ஏறினார். லாரியை நிரப்ப மூன்று கிளைகளை அறுத்தார். அவை ஒன்றரை லாரிக்கு வந்தன. மிச்ச அரை லாரியை முழுசாக்க இன்னும் நாலு அறுத்தார். இப்போது இரண்டேகால் லாரி.

"மாமா, நிறுத்துங்க! ஆள் மேல இருக்கும்போது, மரத்தைச் சுத்திக் கட்டின நாடாவுக்குள்ள யாரும் வரக்கூடாது. விதி அஞ்சு."

"நீ வெளியே நில்லு."

"கீழ ஒரு ஆள் இல்லாம மேல யாரும் ஏறக்கூடாது. விதி ஆறு."

கடைசியில் மச்சான் ஒரு காலை நாடாவுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றான். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதனால் அவன் தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு, உச்சாணி என்ன கத்தினாலும் அவனுக்குப் பக்கெட்டுக்குள் மணியடிப்பது போலத்தான் கேட்டது.

மூன்றாவது லோடு போனபோது மரத்தில் கிளையென்று எதுவும் மிஞ்சவில்லை. இடுப்புக் கயிற்றைத் தலைக்கு மேலே உள்ள கிளையில்தான் மாட்ட வேண்டும் என்கிறது விதி எட்டு. உச்சாணியின் தலைக்கு மேலே ஆகாயம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் தாழ்வாகப் போனது. அதைப் பற்றி விரிவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

அடிமரத்தையும் அறுத்து ஏற்றியாயிற்று. அப்படியும் நாலாவது லாரியில் ஒரு முழம் குறைந்தது. மணி மூன்றரை. அறுக்க இனி மரமில்லை.

"மாமா, லாரியோட பக்கப் பலகையில மேல் வரிசையைக் கழட்டிட்டா?"

கழற்றினார்கள். லாரி அங்கேயே நிரம்பிவிட்டது. கழற்றிய பலகைகளையும் மேலே போட்டதும் வழிந்தது. உச்சாணி மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் குனிந்தபடியே வந்தார். இலை தேடுகிறவர்கள் நிமிர்ந்து நடப்பதில்லை. நாடாவை அளந்தார். ஹெல்மெட்டில் கீறல் இல்லை. கயிற்றில் பிசிறு இல்லை. தரையில் மரத்தூள்கூட இல்லை.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்ல" என்று லைசென்ஸைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார்.

மாடி ஜன்னலிலிருந்து டீச்சர் கத்தினார்:

"ஐயா, போகும்போது அந்த விதிப்புத்தகத்தைப் பிடுங்கிட்டுப் போங்க! காலையிலேர்ந்து ரெண்டு பேரும் மரத்தடியில உக்காந்து எப்படி வெட்டறதுன்னு பேசிக்கிட்டே இருக்காங்க, இன்னும் ஒரு இலையைக்கூடத் தொடல!"