காட்டில் விட்டு வந்த கால்

பூச்சியின் இடது பின்னங்காலைக் காணவில்லை.

அருங்காட்சியகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று, பூச்சி ஆய்வாளர் தன் வேலையை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்திருந்தாள். ஊசியில் குத்தி வைத்திருந்தது ஒரு வெட்டுக்கிளி. பச்சை இலை போன்ற உடம்பு, உடம்பைவிட இரண்டு மடங்கு நீளத்தில் மீசை. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். மூன்று வருடம் காடு காடாக அலைந்து, கடைசியில் தன் கூடாரத் துணியில் உட்கார்ந்திருந்த இந்த ஒன்றைப் பிடித்தாள். பிடித்தபோது அது வலது பின்னங்காலை உதறிவிட்டுத் தப்பப் பார்த்தது. அந்தக் கால் காட்டோடு போயிற்று. மிச்சமிருந்த இடது காலின் முட்களை எண்ணி எழுதிவிட்டால் புது இனத்துக்கான விவரணை முடிந்தது. சாயங்காலத்துக்குள் ஆய்விதழுக்கு அனுப்பியாக வேண்டும். வேறொரு குழுவும் இதைத் தேடுவதாகக் கேள்வி.

முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அந்தக் காலும் போய்விட்டது.

"ஏங்க, மேசையைத் தொட்டீங்களா?"

"தொடவே இல்ல. தூசியை மட்டும் மெஷின்ல இழுத்தேன்," என்றான் கணவன்.

தூசிப் பையைச் செய்தித்தாளில் கொட்டி, அரை மணி நேரம் கிளறிக் காலைக் கண்டுபிடித்தாள். பசை தடவி ஒட்டினாள். பன்னிரண்டு முள். எழுதிவிட்டு மூச்சு விட்டாள்.

மாமியார் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தார். "ஏதோ கால் தேடினியேம்மா, இதுவா பாரு. சோபா அடியில கிடந்துச்சு."

அதுவும் இடது பின்னங்கால்தான். பதினான்கு முள்.

ஒட்டியதைப் பிய்த்தாள். பசை நல்ல பசை. காலோடு ஒரு மீசையும் கையோடு வந்தது.

அருங்காட்சியகத் தலைவர் போனில் கூப்பிட்டார். "முடிச்சாச்சா?"

"கால்லயே நிக்குது சார்."

கணவன் செருப்பை உதறிக்கொண்டு வந்தான். "இங்க இன்னொண்ணு இருக்கு."

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். "இது வலது கால்."

"நல்லதாப் போச்சு. ஜோடி சேர்ந்துடுச்சு."

"அது காட்டுல விட்டுட்டு வந்த காலுங்க."

கணவன் அந்தக் காலை உற்றுப் பார்த்தான். "நடந்தே வந்துடுச்சோ?"

அவள் மூன்று கால்களையும் வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்தாள். எது எதனுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தப்பான காலை எழுதி அனுப்பினால், துறையில் இருப்பவர்கள் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். 'மாதிரிப் பூச்சி கெட்டுவிட்டது, வெளியீட்டை நிறுத்திவிடுங்கள்' என்று தலைவருக்குக் கடிதம் தட்டச்சு செய்தாள். கண்ணில் நீர் முட்டியது.

மாமியார் தோளைத் தொட்டார். "விடும்மா. இன்னொண்ணு பிடிச்சா போச்சு."

"இன்னொண்ணு இல்ல அத்தை. உலகத்துலயே இது ஒண்ணுதான் கிடைச்சிருக்கு."

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தபோது அழைப்புமணி அடித்தது. மாடி வீட்டுக்காரி.

"எங்க பூனை இங்க வந்துச்சா?" என்று எட்டிப் பார்த்தவள், மேசைமேல் இருந்த கால்களைக் கண்டதும் சங்கடப்பட்டுப்போனாள்.

"மன்னிச்சுக்கங்க, உங்க பால்கனியில பிடிக்கிற இந்தப் பச்சைப் பூச்சியை உங்க சோபா அடியிலயே உக்காந்து திங்குது போல. காலை மட்டும் துப்பிடும், எங்க வீட்டுல நான் தினமும் ஒரு முறம் அள்ளிக் கொட்டுறேன்."